பீர் முகமதின் இருமல்

பீர் முகமதுக்கு நிஜமாகவே சளி பிடித்த அன்றைக்குத்தான் இசக்கிராஜாவின் குட்டு உடைந்தது.

இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல், கடைசி வருஷம். ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜை. இசக்கிராஜாவுக்குப் பாடமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஒரு வில்லங்கம் உண்டு. வெளிர் ரோஸ் நிறம் அவன் கண்ணுக்குத் தெரியாது. பிறவியிலேயே அப்படி.

வேதியியல் படிக்கிறவனுக்கு இது லேசுப்பட்ட சங்கதியா? குடுவையில் அமிலமும் இரண்டு சொட்டு நிறங்காட்டியும் இருக்கும். மேலே பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து காரம் சொட்டுச் சொட்டாக விழும். எந்தச் சொட்டில் குடுவை லேசாக ரோஸ் ஆகிறதோ, அந்தச் சொட்டில் குழாயை மூடி அளவு எழுத வேண்டும். இசக்கிராஜாவுக்கு மூடுவதற்கு முன்னாலும் தண்ணீர்தான், மூடிய பின்னாலும் தண்ணீர்தான்.

அதற்குத்தான் பீரின் இருமல். இவன் குடுவை நிறம் மாறியதும் அவன் ஒரு இருமல் இருமுவான், இவன் மூடுவான். மூன்று வருஷத்தை இப்படி இருமியே ஓட்டிவிட்டார்கள். ஆய்வக உதவியாளர் முப்பிடாதி மனசு பொறுக்காமல் பீருக்குச் சுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதிரித் தேர்வன்று பீருக்கு அசல் சளி. நாலாவது மில்லியில் இருமினான், இவன் மூடினான். அடுத்த தடவை ஏழில் இருமினான். அதற்கடுத்து பதினொன்றரையில். மூன்று அளவும் ஒன்றுபோல வர வேண்டிய இடத்தில் நாலு, ஏழு, பதினொன்றரை! பாவம், பீர் வாயைப் பொத்தப் பொத்த இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது.

மறுநாள் மதியம் வேதியியல் பேராசிரியை எமிமாள் மேடம் இசக்கிராஜாவை ஆய்வகத்துக்கு வரச் சொன்னார்.

எமிமாள் மேடம் அதிகம் பேசமாட்டார். ஒரு பழக்கம் மட்டும் உண்டு. திடீரென்று ஒரு சோதனைக் குழாயை நீட்டி, "என்ன வாசனைப்பா?" என்பார். ஒருத்தரோடு விடமாட்டார், மூன்று பேரைக் கேட்பார். மேடம் சோதிக்கிறார் என்று பிள்ளைகள் பயந்து பயந்து சொல்வார்கள்.

இசக்கிராஜா உள்ளே போனான். கூட வந்த பீர் வராந்தாவோடு நின்றுகொண்டான்.

மேஜையில் இசக்கிராஜாவின் மாதிரித் தேர்வுத்தாள் கிடந்தது.

"இது என்னப்பா?"

மூன்று வருஷமாக அடக்கி வைத்தது அவனுக்கு அப்படியே வெளியே வந்துவிட்டது. கண்ணைச் சொன்னான். இருமலைச் சொன்னான். ஒன்பது நாளில் செய்முறைத் தேர்வு, பதிவெண்படி பீர் காலையில், தான் மதியத்தில் என்பதையும் சொன்னான்.

"அதுல போச்சுன்னா டிகிரியே போச்சு மேடம். எங்க அம்மா இப்பவே தெருவெல்லாம் சொல்லியாச்சு. என்ன செய்யன்னே தெரியல. பேசாம படிப்ப விட்டுரட்டுமா?"

மேடம் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். வழக்கமான நிறங்காட்டிப் புட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பின்வரிசையிலிருந்து தூசி படிந்த வேறொரு புட்டியை எடுத்தார். துடைத்து அவன் முன்னால் வைத்தார்.

"ரெண்டு சொட்டு விடு. அளவு எடு."

"நிறம் தெரியாதே மேடம்..."

"எடு."

எடுத்தான். பத்து மில்லி போனது. பதினைந்து போனது. குடுவை தண்ணீராகவே கிடந்தது. பத்தொன்பதையும் தாண்டியது. இன்னும் ஒரு சொட்டு.

நீலம்!

"ஐயோ, மேடம்! நீலம்! தெரியுது மேடம்!"

வராந்தாவில் பீர் எட்டிப் பார்த்தான்.

"அளவு சொல்லு."

"பத்தொம்போது புள்ளி ஆறு."

"இன்னும் ரெண்டு தடவை எடு."

எடுத்தான். பத்தொன்பது புள்ளி ஆறு. மறுபடியும் பத்தொன்பது புள்ளி ஆறு. யாரும் இருமவில்லை. இசக்கிராஜா ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான். மூன்று வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கினது போல இருந்தது. சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது.

"இது எப்பவும் இங்கதான் இருந்துச்சா மேடம்?"

"நான் சேர்ந்த நாள்லருந்து இருக்கு."

"பரீட்சைக்கு இத விடலாமா?"

"அமிலம், காரம்தானே? தாராளமா விடலாம். எந்த நிறங்காட்டின்னு தாள்ல எழுது. வெளித்தேர்வாளர் வந்ததும் எதுக்குன்னு நீயே போய்ச் சொல்லு."

"நானேவா? வாயத் திறந்து சொல்லணுமா?"

"இரும வேண்டாம்."

அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பியூரெட்டைக் கழுவத் தொடங்கினான்.

மேடம் அதற்குள் இரண்டு சோதனைக் குழாய்களோடு வந்து நின்றார். "முப்பிடாதி சீட்டு ஒட்டாம வச்சுட்டாரு. என்ன வாசனைப்பா?"

இசக்கிராஜா கையால் விசிறி மோந்தான். "இது பழ வாசம். எஸ்டர். அது சாராய நெடி."

மேடம் தலையாட்டிவிட்டு உள்ளறையில் இருந்த முப்பிடாதியிடம் போய் நீட்டினார். பழம், சாராயம் என்றார் அவர். வராந்தாவுக்குப் போய் பீரிடம் நீட்டினார். மூக்கை உறிஞ்சிவிட்டு அவனும் அதையே சொன்னான். மேடம் திரும்பி வந்து சீட்டு எழுதி ஒட்டினார்.

இசக்கிராஜா கழுவுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தான். இரண்டு குழாயில் ஒன்றைக்கூட அவர் தன் மூக்குப் பக்கம் கொண்டுபோகவில்லை. யோசித்துப் பார்த்தால், மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட கொண்டுபோனதில்லை.

"மேடம்... உங்களுக்கு வாசனை...?"

"ஒண்ணும் தெரியாது. பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒரு காய்ச்சல்ல போச்சு."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ இத்தன நாளா நீங்க எங்களச் சோதிக்கலியா?"

"சோதிக்க என்னப்பா இருக்கு? எனக்குத் தெரியாது, கேட்டேன். மூணு பேரும் ஒண்ணுபோல சொன்னா எழுதிக்குவேன்."