பாடை இறங்கிய இடம்

“இந்தத் தடவை ஊர்த்தெரு வேணாம்ணே. நேரா வயல்ல இறங்கிடலாம்,” என்றான் பலராமன்.

விடியற்காலையில் அவன் அம்மா இறந்திருந்தாள்.

மண்ணாங்கட்டி பச்சை மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தார். சேரியில் எந்தச் சாவுக்கும் பாடை கட்டுவது அவர்தான். அவருக்குக் காது மந்தம் என்று ஊருக்கே தெரியும்.

அதனால் பலராமன் குனிந்து, உரக்க, இன்னொரு தடவை சொன்னான்.

“ஏன்டா கத்துற? சாவு வூடு. மெதுவாப் பேசு.”

பலராமன் தரையில் உட்கார்ந்தான். தலை பாதி நரைத்தவன். இருபத்திரண்டு வருசமாகப் பாடை தூக்குகிற தோள் அவனுடையது.

சுடுகாடு ஊர்த்தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. சேரிப் பிணம் அந்தத் தெருவில் போகக் கூடாது என்பது ஊர்க்காரர்கள் பேச்சு. ஆனாலும் ஒவ்வொரு சாவுக்கும் சேரிக்காரர்கள் அந்தப் பக்கமாகத்தான் தூக்கிப் போவார்கள். ஊர்க்காரர்கள் மறிப்பார்கள். மறித்த இடத்தில் பாடையை இறக்கி, வழி கேட்பார்கள். கிடைக்காது. அங்கே ஒரு கல்லை நட்டுவிட்டு, திரும்பி வந்து, வயல் சேற்றில் இறங்கிப் போவார்கள்.

“எத்தனை வாட்டிண்ணே? தூக்கு, இறக்கு, கேளு, ஏச்சு வாங்கு, திரும்பு. அதுலயே சோர்ந்துபோய்த்தான் அப்பாவைச் சேத்துல தவறவிட்டோம். மூஞ்சியெல்லாம் மண்ணு. அம்மாவையாவது எவன்கிட்டயும் கேக்காம கொண்டுபோறேன். என்னால முடியல.”

“என்னாலயும்தான் முடியல.” மண்ணாங்கட்டி குறுக்குக் கழியை வைத்துக் கட்டினார். “உங்க தாத்தன் கல்லு எங்க இருக்கு?”

“எல்லாம் அங்கதான். ஒரே எடம்.”

“போய்ப் பாத்துட்டு வா. வர்றப்ப கயிறு வாங்கிட்டு வா. பத்தல.”

“சாவு வூட்டுக்காரனையே வேலை வாங்கு,” என்று முனகிக்கொண்டே போனான்.

வெயில் ஏறிய பிறகு திரும்பி வந்தான். கயிறு வாங்க மறந்திருந்தான்.

“தாத்தன்?”

“புளியமரத்துக்கிட்ட. சேரியத் தாண்டவே இல்ல.”

“பெரியம்மா?”

“மதகுல.”

“அப்பன்?”

“ரேஷன் கடை வாசல்ல.”

“போன தையில செத்தாளே, உன் சித்தி?”



“டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட. கல்லைப் பிடுங்கிட்டானுங்க. குழி இருக்கு.”

“அது எங்க?”

“ஊர்த்தெருவுல. மூணு வூடு உள்ள.”

“யாரு விட்டா?”

“எவன் விட்டான்? தெருமுனையிலயே ‘இறக்குடா’ன்னு கத்துனானுங்க. என் காதுல நல்லா விழுந்துச்சு.”

“அப்புறம் ஏன் இறக்கல?”

“நான் பின்னாடிதானே தூக்குனேன். முன்னாடி தூக்குனது…”

நிறுத்தினான்.

பாடையின் முன்பக்கம், இடது தோள், எப்போதும் மண்ணாங்கட்டியுடையது.

பலராமன் அவரையே பார்த்தான். பிறகு, இருந்த இடத்திலிருந்தே, உதட்டுக்குள் கேட்டான்.

“இந்தக் காது எப்பத்துலேர்ந்துண்ணே மந்தம்?”

“எனக்கு முந்தி இந்த எடத்துல தூக்குன தொப்ளானுக்கும் மந்தந்தான்.” மண்ணாங்கட்டி முடிச்சை இறுக்கினார். இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். “இது இனிமே தாங்காதுடா.”

சாயங்காலம் பாடை எழுந்தது. அம்மாவுக்கு இளையவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். அதனால் தம்பி சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தான். பலராமன் முன்பக்கம் வந்து, இடது தோளைக் கொடுத்தான். மண்ணாங்கட்டி பின்னால் போய்விட்டார்.

தெருமுனையில் பத்துப் பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏய், இறக்குடா! அங்கயே இறக்கு!”

முதல் வீடு போயிற்று. இரண்டாவது வீடு. நாற்காலிகள் தள்ளப்படும் சத்தம். சித்தியின் கல் இருந்த குழி கால்பக்கம் வந்தது, பின்னால் போயிற்று.

தம்பி திரும்பினான். “அண்ணே, இறக்கச் சொல்றாங்க.”

“என்னடா சொல்ற?” என்றான் பலராமன், நடந்துகொண்டே. “சரியாக் கேக்கல.”