முப்பது பலாச்சுளை

குளக்கரைப் பள்ளி திறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அங்கே மொத்தம் எட்டுக் குட்டிகள் படித்தார்கள். அவர்களில் ஊசிமல்லி என்ற முள்ளம்பன்றிக் குட்டிக்குப் பாடம் என்றாலே வேப்பங்காய்!

"எதிரி வந்தால் நான் முள்ளைச் சிலிர்த்துக்கொள்வேன். வாய்ப்பாடு எதுக்கு? திசை எதுக்கு?" என்று முணுமுணுப்பாள். ஆனாலும் நாரை டீச்சருக்குப் பயந்து, மற்றவர்களோடு சேர்ந்து கத்திக் கத்தி ஒப்பிப்பாள்.

ஒருநாள் காலை டீச்சர் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு நரி வந்து சேர்ந்தது. ஒரு கையில் கூடை, மறு கையில் ஓலை.

"கண்ணுங்களா! சிங்கராஜா ஓலை அனுப்பியிருக்கிறார். கிழக்கு மலையில் உங்களுக்கு விருந்து! தலைக்கு ஐந்து பலாச்சுளை!"

அணில் குட்டி ஓலையை வாங்கிப் படித்தாள். "மாமா, 'பலாப்பளம்' என்று எழுதியிருக்கே! பழத்துக்குச் சிறப்பு ழகரம்தானே வரும்? ராஜா இப்படிப் பிழை விடுவாரா?"

"அவசரத்தில் எழுதிவிட்டார் அம்மா!" என்று இளித்தது நரி. சட்டென்று கூடையைத் திறந்து காட்டியது. பலா வாசம் மூக்கைத் துளைத்தது. அப்புறம் எழுத்துப்பிழையை யார் பார்த்தார்கள்? எட்டுப் பேரும் நரிக்குப் பின்னால் வரிசை கட்டிக் கிளம்பிவிட்டார்கள்!

ஊசிமல்லி கடைசியாக நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் கண் தரையில் விழுந்தது. அவளுடைய நிழல் அவளுக்கு முன்னால் நீண்டு கிடந்தது.

'காலையில் சூரியன் கிழக்கில் இருக்கும். கிழக்கே போனால் நிழல் பின்னால் அல்லவா விழும்?'

"மாமா, நாம் மேற்கே போகிறோம்!" என்றாள்.

"மலைப்பாதை வளைந்து வளைந்துதான் போகும். வாயை மூடிக்கொண்டு வா!"

மாமாவின் குரலில் இப்போது தேன் இல்லை. ஊசிமல்லி விடவில்லை.

"கூடையில் எத்தனை சுளை மாமா?"

"முப்பது! எண்ணித்தான் வைத்தேன்!"

"நாங்கள் எட்டுப் பேர். எட்டைந்து நாற்பது. பத்து குறையுதே?"

நரி திரும்பி, ஊசிமல்லிக்கு முன்னால் வந்த கொழுகொழு முயல் குட்டியைப் பார்த்தது. நாக்கைச் சுழற்றியது. "போய்ச் சேரும்போது சரியாக இருக்கும்!" என்றது.

ஊசிமல்லி மனசுக்குள் கணக்குப் போட்டாள். முப்பது சுளை ஆறு பேருக்குத்தான் வரும். அப்படியானால் எட்டில் இரண்டு பேர் வழியிலேயே...

அவளுடைய முட்கள் தாமாகவே சிலிர்த்து நின்றன. ஆனால் அந்த முள் அவளை மட்டும்தானே காக்கும்? முயலுக்கு முள் ஏது? மான்குட்டிக்கு முள் ஏது?

அதற்குள் பாதை இரண்டு பெரிய பாறைச் சுவர்களுக்கு நடுவே நுழைந்தது. யாரோ தும்மினார்கள். "அச்!" என்ற சத்தம் நாலு முறை திரும்பி வந்தது. போன வாரம் அறிவியல் வகுப்பில் படித்தது ஊசிமல்லிக்குப் பளிச்சென்று நினைவு வந்தது. சத்தம் பாறையில் பட்டால் எதிரொலிக்கும்!

முன்னால் இருந்த முயலின் காதில் அவள் கிசுகிசுத்தாள். முயல் மானிடம் சொன்னது. மான் அணிலிடம் சொன்னது. செய்தி வரிசை முழுவதும் ஓடியது. ஊசிமல்லி வரிசையைத் தாண்டி மெல்ல முன்னால் நடந்து நரியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"ஒன்று! இரண்டு! மூன்று!"

பாட்டு வகுப்பில் பாடுவது போல எட்டுப் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "நரியைப் பிடி! விடாதே!"

"பிடி! பிடி! விடாதே! விடாதே!" என்று பாறைகள் முழங்கின.

நரி வெலவெலத்துப் போனது. "ஐயோ! காடே திரண்டு வந்துவிட்டதா?" என்று கூடையைப் போட்டுவிட்டுப் பின்வாங்கியது. நேராக ஊசிமல்லியின் முட்கள் மேல் போய் உட்கார்ந்தது!

"அம்மாடியோவ்!"

ஓடிய ஓட்டத்தில் அது மூன்று காடு தாண்டிவிட்டது. பிறகு அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை.

நிழலைப் பின்பற்றாமல், சூரியனைப் பார்த்தபடியே குட்டிகள் கிழக்கே நடந்து பள்ளிக்குத் திரும்பினார்கள். சேதி கேட்டு நாரை டீச்சர் பறந்தோடி வந்தார். காடே கூடிவிட்டது. ஊசிமல்லியைத் தோளில் தூக்கிக் கொண்டாட எல்லாருக்கும் ஆசைதான். யார் தூக்குவது? குத்துமே! அதனால் பாக்கு மட்டையில் உட்கார வைத்துக் குளத்தைச் சுற்றி இழுத்து வந்தார்கள். மரங்கொத்திகள் மேளம் தட்டின. ஊசிமல்லி நிமிர்ந்து உட்கார்ந்து, ராணி மாதிரி எல்லாருக்கும் கையசைத்தாள்!

நீதி: எந்தப் பாடம் எந்த நேரத்தில் கைகொடுக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே எதையும் வீண் என்று ஒதுக்காமல் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டும்.