மைனாக்கள் வராத காலை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் விலங்குகள் எல்லாம் கூடி அமைதி சபை ஒன்றை அமைத்திருந்தன. யாரும் யாருடைய இடத்தையும் பறிக்கக் கூடாது. பறித்தால் சபை தட்டிக் கேட்கும்.

ஆனால் யானை, புலி, கரடி, காட்டெருமை ஆகிய நான்கு பெரியவர்களும் சம்மதித்தால்தான் தீர்ப்பு செல்லும். ஒருவர் "மாட்டேன்" என்றாலும் போயிற்று. அந்த உரிமையைக் கொடுக்காவிட்டால் பெரியவர்கள் சபைப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் காட்டெருமை முயல்களின் புல்வெளிக்குள் புகுந்தது. புல்லை மேய்ந்தது, குட்டிகள் உறங்கும் புதர்களை மிதித்து நொறுக்கியது. தாய்முயல் குட்டிகளை இழுத்துக்கொண்டு சபைக்கு ஓடியது.

"ஐயா, எங்கள் வீடே போய்விட்டது!"

சபைத் தலைவரான கொக்கு தொண்டையைச் செருமியது. "காட்டெருமை வெளியேற வேண்டும். பெரியவர்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்" என்றன யானை, புலி, கரடி மூன்றும்.

"மாட்டேன்" என்றது காட்டெருமை, புல்லை மென்றுகொண்டே.

"தீர்ப்பு இல்லை!" என்றது கொக்கு.

"குற்றம் செய்தவரே அவர்தானே! அவரிடமா சம்மதம் கேட்பது?" என்று முயல் கத்தியது. "அந்த விதியையாவது மாற்றுங்கள்!"

இப்போது நான்கு பெரியவர்களும் ஒரே குரலில் சொன்னார்கள்: "மாட்டோம்!" நாளைக்குத் தங்களுக்கும் அது தேவைப்படலாம் அல்லவா?

கொக்குக்குப் பாவமாக இருந்தது. அமைதிக் காவலுக்கு இரண்டு மயில்களை அனுப்பிவைத்தது. மயில்கள் புல்வெளி ஓரத்தில் நின்று, "வன்மையாகக் கண்டிக்கிறோம்!" என்று அகவின.

"சற்றுத் தள்ளி நின்று கண்டியுங்கள். அங்கேதான் புல் இளசாக இருக்கிறது" என்றது காட்டெருமை.

முயல் அழுதுகொண்டே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தது. மேலிருந்து மைனா கேட்டது: "ஏன் அக்கா அழுகிறாய்?"

முயல் நடந்ததைச் சொன்னது. மைனா தலையைச் சாய்த்து யோசித்தது.

"அவரைத் துரத்த நமக்குப் பலம் இல்லை. ஆனால் அவர் முதுகில் உண்ணி பொறுக்குவது நாங்கள்தானே? பொறுக்காமல் இருக்க யார் சம்மதம் வேண்டும்?"

மறுநாள் காலையில் ஒரு மைனாவும் வரவில்லை. காட்டெருமைக்கு முதுகு அரித்தது. மரத்தில் உரசியது; பட்டைதான் உரிந்தது. சேற்றில் புரண்டது, எழுந்ததும் முன்னைவிட அதிகமாக அரித்தது. வாலைச் சுழற்றிக்கொண்டு அது குதித்த குதியில் மயில்கள் மரத்தில் ஏறிக்கொண்டன.

"கொக்காரே! மைனாக்களை வரச் சொல்லுங்கள்!" என்று காட்டெருமை சபைக்கு வந்து அலறியது.

"உண்ணி பொறுக்கியே ஆக வேண்டும் என்று விதி இல்லையே, ஐயா" என்றது கொக்கு. யானை விழுந்து விழுந்து சிரித்தது.

காட்டெருமை மைனாக்களின் மரத்தடிக்கே போய் நின்றது. "என்ன வேண்டும் உங்களுக்கு? சீக்கிரம் சொல்லுங்கள், அம்மா!"

"முயல்களின் புல்வெளி" என்றன மைனாக்கள்.

"எடுத்துக்கொள்ளட்டும்! இதோ, போகிறேன்!"

காட்டெருமை ஆற்றுக்கு அப்பால் போய்ச் சேர்ந்த பிறகே மைனாக்கள் அதன் முதுகில் இறங்கின. இங்கே முயல்குட்டிகள் புல்லில் உருண்டன, ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. தாய்முயல் வெகுநேரம் அவற்றை அதட்டவே இல்லை.

நீதி: வலியவனின் சம்மதத்துக்குக் காத்திருக்கும் சபையால் வலியவனைத் தடுக்க முடியாது, எளியவர்கள் சேர்ந்து அவனைக் கைவிட்டால் அவனே இறங்கி வருவான்.