வெள்ளைப் பூச்சு வாங்கிய எருமை

ஒரு காட்டுக்குட்டையில் காரி என்ற எருமை, தன் கன்றோடு வாழ்ந்துவந்தது. புல்லுக்கும் தண்ணீருக்கும் பஞ்சமில்லை. தான் கறுப்பு என்ற ஒரே கவலைதான் அதற்கு. ஒருநாள் ஓர் ஆமை பாறை என்று நினைத்து அதன்மேல் ஏறி வெயில் காய்ந்துவிட்டது. அன்றிலிருந்து காரிக்குப் புல்லே இறங்கவில்லை, குழந்தைகளே.

அந்த நேரம் பார்த்துப் பச்சோந்தி ஒரு கொட்டாங்கச்சியோடு வந்தது.

"அக்கா, இதைப் பூசினால் ஏழே நாளில் வெள்ளையாகிவிடலாம். என்னையே பாருங்கள்."

கொட்டாங்கச்சிக்குள் வாலை விடுவதுபோல் அது பாவனை செய்தது. பச்சை உடம்பு மெல்ல வெளுத்தது. காரி வாயைப் பிளந்தது.

"இதில் என்னென்ன போட்டிருக்கிறாய், தம்பி?"

"அது எங்கள் குலரகசியம். உங்கள் கொம்பில் உட்கார்ந்து ஈ பிடிக்க விட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம்."

காரி வாலால் தொட்டு உடம்பெல்லாம் பூசிக்கொண்டது. முதல் நாள் குளுகுளுவென்றிருந்தது. மறுநாள் அரித்தது.

"வேலை செய்கிறது" என்றது பச்சோந்தி.

மூன்றாம் நாள் எரிந்தது.

"நன்றாகவே வேலை செய்கிறது."

ஐந்தாம் நாள் தோல் உரிந்தது. எருமை மேல் மழை பெய்தாற்போல என்பார்களே, ஆனால் அன்றைய தூறலில் ஒவ்வொரு துளியும் காரிக்கு ஊசியாகக் குத்தியது. புண்ணில் ஈ மொய்த்தது. பச்சோந்திக்குத் தினமும் விருந்து. ஆனாலும் அங்கங்கே வெளுக்கிறதே என்று காரி பல்லைக் கடித்துக்கொண்டது.

ஏழாம் நாள் கன்று ஓடிவந்து தாயை நக்க நாக்கை நீட்டியது. காரி சட்டென்று விலகியது.

"தம்பி, கன்று நக்கினால் ஒன்றும் ஆகாதே?"

"ஆகவே ஆகாது, அக்கா."

"அப்படியானால் முதலில் நீ கொஞ்சம் நக்கிக் காட்டு."

"எனக்கு வயிறு நிறைந்திருக்கிறது."

"ஒரு துளிதான்." காரி கொம்பைத் தாழ்த்திப் பச்சோந்தியைக் கொட்டாங்கச்சியின் அருகே கொண்டுபோனது.

"வேண்டாம் அக்கா, அதில் எருக்கம்பாலும் சுண்ணாம்பும் இருக்கிறது. வாய் வெந்துவிடும்."

சொல்லும்போதே பயத்தில் அது மஞ்சளானது, பிறகு கறுத்தது. காரி அதை உற்றுப் பார்த்தது.

"நிறம் மாற உனக்குப் பூச்சே தேவையில்லையா?"

பச்சோந்தி கொம்பை இறுகப் பிடித்துக்கொண்டது. காரி தலையை ஓர் உதறு உதறியது. பச்சோந்தி இலந்தைப் புதரில் போய் விழுந்தது. எந்த நிறத்துக்கு மாறினாலும் முள் குத்தத்தான் செய்தது.

காரி குட்டையில் கழுத்தளவு இறங்கி, பூச்சு முழுதும் போகும்வரை கிடந்தது. அதன் பிறகுதான் கன்றைக் கிட்டே விட்டது. புண் ஆறிக் கறுப்பு திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று. இடது விலாவில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு நின்றுவிட்டது. வெயில் பட்டால் அது எரியும். அதனால் இன்றும் காரி அந்தப் பக்கத்தை நிழலில் வைத்துக்கொண்டுதான் மேய்கிறது.

நீதி: உள்ளே இருப்பது என்னவென்று சொல்லாத பூச்சை உடம்பில் பூசாதே.