மூன்று மெரூன் பூதங்கள்

பூதங்கள் மந்திரத்துக்குக் கட்டுப்பட்டு வருகின்றன என்ற நம்பிக்கை நெடுங்காலமாகப் பரவியிருக்கிறது. படித்தவர்கள்கூட இதை நம்புகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது. பூதங்கள் மந்திரத்துக்கு வருவதில்லை. முதலில் ஒருவர் அவற்றுக்குக் கொம்பு வரைய வேண்டும். ஓடும்போது அந்தக் கொம்பு சுவருக்குள் புகுந்துவிடாமல் இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன்பின் நிர்வாகம் ஒப்புதல் தர வேண்டும். இவ்வளவும் நடந்த பிறகு மந்திரம் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

கோவையில் இணைய விளையாட்டு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஜெசிந்தா தலைமை வடிவமைப்பாளர். அலுவலகத்தில் அவரைக் குரு என்பார்கள், பாதி கேலியாக. சிஷ்யர் அறவாழி. குருவுக்கு வயது முப்பத்தொன்று, சிஷ்யருக்கு நாற்பத்தாறு. மாற்றி எழுதிவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம்.

அறவாழி அதற்குமுன் தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கணினியில் பாம்பு செய்துகொண்டிருந்தவர். கதாநாயகிப் பாம்பு பச்சை, வில்லிப் பாம்பு கறுப்பு, உடம்பு ஒன்றே. எந்த நேயரும் புகார் சொன்னதில்லை.

இங்கே அவருக்குக் கொடுத்த வேலை பூதம். விளையாட்டில் அழைப்பாளர் என்று ஒரு பாத்திரம் உண்டு. அதை எடுத்து ஆடுகிறவர் தானே சண்டை போட வேண்டியதில்லை. தீ, நீர், மண் என்று மூன்று பூதங்களை அழைத்துப் போரிடச் செய்யலாம். வேலை முடிந்ததும் விடை கொடுத்து அனுப்பலாம். போன மாதம் ஆடிப் பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள்:

“மூணும் ஒண்ணுதான் அண்ணா.”

நிர்வாகம் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பிள்ளைகள் மறுபடி வருவார்கள். மறுபடி அப்படியே சொன்னால் அழைப்பாளர் விளையாட்டிலிருந்து நீக்கப்படுவார். அழைப்பாளருக்காகவே வேலைக்கு எடுக்கப்பட்ட அறவாழியும்.

வெள்ளிக்கிழமை காலை அறவாழி மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜெசிந்தாவின் அறைக்கு வந்தார்.

“மண்பூதத்துக்கு இறக்கை வெச்சிட்டேன் மேடம்.”

“பறக்குமா சார்?”

“பறக்காது. இருக்கு.”

“தீப்பூதம் என்ன செய்யும்?”

“வரும். அடிக்கும். போயிடும்.”

“நீர்ப்பூதம்?”

“வரும். ஈரமா அடிக்கும். போயிடும்.”

ஜெசிந்தா சிரிக்கவில்லை. அது அறவாழியை மேலும் கலவரப்படுத்தியது.

“கொம்ப மாத்தியாச்சு, வால மாத்தியாச்சு, நிறத்த எத்தனையோ தடவ மாத்தியாச்சு. இன்னும் என்னதான் மேடம் மாத்தணும்? பொண்ணு பன்னெண்டாவது படிக்கிறா. பழைய வேலைக்கும் போக முடியாது. அங்க இப்ப பாம்பெல்லாம் தானாவே வரைஞ்சுக்குதாம்.”

ஜெசிந்தா தொலைபேசியை எடுத்தார்.

“முபாரக், சுகந்தி, வைரமணி, மூணு பேரையும் என் ரூமுக்கு வரச் சொல்லுங்க. உடனே.”

பிறகு அறவாழியிடம், “நீங்க அந்த ஓரமா உக்காருங்க சார். பேசக் கூடாது. நானும் பேச மாட்டேன்” என்றார்.

வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் நிறுவனத்தின் மெரூன் நிற டீ-ஷர்ட் அணிய வேண்டும் என்பது அங்கே விதி. மூவரும் மெரூனில் வந்தார்கள். மூவர் கழுத்திலும் ஒரே நீலப் பட்டையில் அடையாள அட்டை. போன வாரம் மேல்மாடி நிறுவனத்தில் காரணம் சொல்லாமல் கூப்பிடப்பட்டவர்கள், அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். மூவருக்கும் அது தெரியும்.

ஒலிப்பதிவு பார்க்கும் முபாரக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேசைமேல் இருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றைத் தின்றார். இன்னொன்றை எடுத்தார்.

ஆட வரும் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் சுகந்தி உட்காரவில்லை. “மேடம், நேத்து நான் லீவு இல்ல. வீட்லருந்துதான் பாத்தேன். வேணும்னா லாகின் டைம் பாருங்க” என்றார். யாரும் கேட்டிருக்கவில்லை. “அப்புறம் அந்த மழைச் சத்தம் காணாமப் போச்சே, அது நானில்ல. முபாரக்.”

“ஆமா, நான்தான்” என்றார் முபாரக், மென்றுகொண்டே.

நிரல் எழுதும் வைரமணி உள்ளேயே வரவில்லை. கதவு நிலையில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு ஜெசிந்தாவையே பார்த்தார்.

ஜெசிந்தா மூவரையும் ஒருமுறை பார்த்தார்.

“ஒண்ணுமில்ல. போலாம்” என்றார் ஜெசிந்தா.

முபாரக் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

சுகந்தி வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். “நிஜமாவே ஒண்ணுமில்லையா மேடம்?”

“இல்ல.”

போனார். மறுபடி வந்தார். “எம்மேல கோவமா?”

“இல்லம்மா.”

போனார்.

வைரமணி அசையவில்லை. “என்னன்னு சொல்லிட்டா போயிடுவேன்” என்றார். ஜெசிந்தா எழுந்துபோய், அவர் வெளியே நகரும்படி மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

“மூணு பேரும் ஒண்ணுதானா சார்?”

அறவாழி மடிக்கணினியைத் திறந்து மண்பூதத்தைப் பார்த்தார்.

“அப்ப இறக்கை?”

“எடுத்துடுங்க.”

“கொம்பு?”

“மூணுக்கும் ஒரே கொம்பு போதும்.”

“நிறமாச்சும் வேற வேற இருக்கலாம்ல மேடம்?”

“மெரூன் நல்லாருக்கும்.”

அறவாழி மதியம் சாப்பிடவில்லை. புதிதாக எதையும் வரைய நேரமில்லை. நடப்பது, நிற்பது, திரும்புவது, குனிவது எல்லாம் அந்தப் பூதங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எது எப்போது என்பதை மட்டும் மாற்றினார். மூன்றரை மணிக்கு, வாசலில் நீட்டியிருந்த யாருடைய காலையோ தாண்டிக் குதித்து, ஜெசிந்தாவின் அறைக்குள் ஓடி வந்தார்.

“மேடம், மண்பூதம் போக மாட்டேங்குது! விடை குடுத்தா நின்னு மொறைக்குது. எங்கயோ தப்பு பண்ணிட்டேன். பசங்க வர்ற நேரம். அத எடுத்துட்டு ரெண்ட மட்டும் காட்டிடட்டுமா?”

ஜெசிந்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உள்ள வரும்போது யாரத் தாண்டி வந்தீங்க சார்?”

அறவாழி திரும்பிப் பார்த்தார். வெளியே தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் கணினியோடு வைரமணி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னன்னு சொல்றாங்களாமா?” என்று வைரமணி கேட்டார்.

நான்கு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். வழக்கம்போல் சுகந்தி அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் மூன்று மெரூன் பூதங்கள். மாணவி ஒருத்தி சண்டையை முடித்துவிட்டு விடை கொடுத்தாள். தீப்பூதம் திரும்பிப் பாராமல் போனது. மண்பூதம் நின்றது. நீர்ப்பூதம் குகை வாசல்வரை போய்த் திரும்பி வந்து, குனிந்து அவள் முகத்தைப் பார்த்தது. போனது. மறுபடி வந்தது.

“இது மட்டும் ஏன்க்கா இப்படிப் பயப்படுது?” என்றாள் மாணவி. “நான் இத ஒண்ணும் சொல்லலையே.”

சுகந்தி நீர்ப்பூதத்தைப் பார்த்தார். பிறகு அறவாழியைப் பார்த்தார்.

அழைப்பாளர் விளையாட்டில் நீடித்தார். அடுத்த வாரம் முழுவதும் சுகந்தி அறவாழியிடம் பேசவில்லை.