நேரும் குறுக்கும்

"அவன் செத்த நேரத்துல நான் டிவி பாத்துச் சிரிச்சிக்கிட்டு இருந்தேன் டீச்சர். அப்ப எங்களுக்குள்ள ஒண்ணுமே இல்லன்னுதான அர்த்தம்?"

செலஸ்டினுக்கு அறுபத்திரண்டு வயது. கப்பலில் சமையல் வேலை பார்த்து ஓய்ந்தவர். செத்தவர் ரெமிஜியூஸ். கூடப் பிறந்த இரட்டை. பத்து நிமிடம் மூத்தவர்.

அம்மா இறந்தபோது செலஸ்டின் நடுக்கடலில் இருந்தார். தம்பி வரட்டும் என்று ரெமிஜியூஸ் காத்திருக்கவில்லை, அடக்கம் செய்துவிட்டார். அந்தப் பயணத்தோடு செலஸ்டின் கப்பலை விட்டுத் தூத்துக்குடியில் தங்கிவிட்டார். அதிலிருந்து பதினொரு வருடம் அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. போன மாதம் சொந்த ஊரான உவரியில் அண்ணனைப் புதைத்தபோது, செலஸ்டின் கல்லறைத் தோட்டத்துச் சுவரோடு நின்றுவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பிவிட்டார்.

பிறகு ஒரு பத்திரிகையில் குவாண்டம் பிணைப்பு பற்றிப் படித்தார். பிணைந்த துகள் இரண்டில் ஒன்றைத் தொட்டால், எங்கோ இருக்கும் மற்றதற்குத் தெரிந்துவிடுமாம். அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு கல்லூரி ஆய்வகத்துக்கு வந்திருந்தார்.

பேராசிரியை சம்சாத் அவரைவிட இருபது வயது இளையவர். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஒரு தாளை நீட்டினார்.

"வாசிங்க, அண்ணாச்சி."

"நேர். குறுக்கு. குறுக்கு. நேர். குறுக்கு..."

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. காசு சுண்டிப் பாத்து எழுதுன மாதிரி இருக்கு."

"இன்னொரு தடவை பாருங்க."

பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஒன்றுமில்லை.

"ஒரு படிகத்துல இருந்து ஒளித்துகள் ரெண்டு ரெண்டா பிறந்து வரும். ஜோடியில ஒண்ணு நேரா அதிருதா குறுக்கா அதிருதான்னு இந்த ரூம்ல அளந்தோம். அதுதான் இந்தத் தாள். மத்ததை அளந்தது அந்தக் கடைசி ரூம்ல. அந்தத் தாளும் அங்கதான் இருக்கு. போய் எடுத்துட்டு வாங்க."

செலஸ்டின் நடந்து போய் எடுத்துவந்தார். இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தார்.

இங்கே நேர் என்றால் அங்கே குறுக்கு. இங்கே குறுக்கு என்றால் அங்கே நேர். கடைசி வரி வரைக்கும்.

அவர் விரல் நின்றது.

"முன்னாடியே பேசி வச்சிக்கிட்டு வந்துச்சுங்களா?"

"அப்படித்தான் சிலர் நினைச்சாங்க. சோதிச்சுப் பாத்தாச்சு. இல்ல. அளக்கிற வரைக்கும் நேரா குறுக்கான்னு ரெண்டுலயும் எழுதியே இருக்காது."

"அப்ப இது அதுக்குத் தகவல் சொல்லுது."

"சொல்லல. அங்க இருந்து இங்க ஒரு சேதியும் வராது. உங்க பத்திரிகைக்காரர் தப்பா எழுதிட்டாரு."

"அப்ப பிணைப்பு இருந்துச்சுன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அதுக்கு?"

"அதுக்கும் தெரியாது. ரெண்டு தாளையும் சேத்து வைக்கிறவங்களுக்குத்தான் தெரியும்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. செலஸ்டின் இரண்டு தாளில் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"என் தாளு என்கிட்ட இருக்கு. அவன் தாளைத்தான் புதைச்சாச்சே டீச்சர்."

சம்சாத் அவரைப் பார்த்தார்.

"அவரு வீட்டுல யாரும் இல்லையா?"

மறுநாள் காலை செலஸ்டின் உவரிக்குப் பஸ் ஏறினார்.

கதவைத் திறந்தவர் அண்ணன் மனைவி பிரகாசி. அவரை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"இப்ப எதுக்கு வந்தீங்க?"

"இந்தப் பதினொரு வருஷம் அவன் எப்படி இருந்தான்னு கேக்க வந்தேன், மதினி."

பிரகாசி கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"வருஷப் பிறப்பு வந்தாப் போதும், பூசை முடிஞ்ச கையோட தம்பி வீட்டுக்குப் போறேன்னு வெள்ளைச் சட்டையை மாட்டிட்டு உக்காந்திருப்பாரு. மத்தியானம் வரைக்கும் உக்காந்திருப்பாரு. பொறகு கழட்டி மாட்டிருவாரு. பதினொரு வருஷமும் இதே கதைதான்."



"மத்தியானம் வரைக்குமா?"

"ஆமா. நீங்க அந்நேரம் என்ன செஞ்சிக்கிட்டு இருந்தீங்க?"

அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை.

"கதவைச் சாத்தாம வச்சிருந்தேன், மதினி."