மெயில் வண்டி நின்ன கதை

ஒரு ஊர்ல ஒரு ரயில்வே ஸ்டேஷன்... இல்ல இல்ல, தப்பாச் சொல்றேன். ஊரு ஒரு பக்கம், ஸ்டேஷன் ஒரு பக்கம். நடுவுல மூணு மைல் பொட்டக்காடு. ஊருக்குப் பேரு செம்பட்டூரு, ஸ்டேஷனுக்குப் பேரு செம்பட்டூர் ரோடு. இறங்கினவன் நடந்து சாகட்டும்னு பேரு வச்சிருக்கான். காலை நீட்டிப் படுடி தேனு, அத்தை வயித்துல உதைக்காத. ம் சொல்லணும், சொல்லலைன்னா நிறுத்திருவேன்.

"ம்."

அந்த ஸ்டேஷனை மனுசனுக்காகக் கட்டலையாம். அங்க ஒரு கிணறு, எந்தக் கோடையிலயும் வத்தாத கிணறு. கரி இன்ஜினுக்குத் தண்ணி வேணும்ல? அதுக்குத் தண்ணி காட்ட வெள்ளைக்காரன் கட்டினது. எல்லா வண்டியும் வந்து 'உஸ்ஸ்ஸ்'னு நின்னு, மாடு மாதிரி வயிறு முட்டக் குடிச்சிட்டுப் போகும். அப்புறம் பெரிய இன்ஜின் வந்துச்சு. அதுக்கு வழியில தண்ணி தேவைப்படல. அப்போ மெயில் வண்டி என்ன பண்ணுச்சு? ஸ்டேஷனைத் திரும்பிக்கூடப் பாக்காம 'தடதட தடதட'ன்னு ஓடுச்சு. பதினஞ்சு வருசமா நிக்கல.

அங்க ஸ்டேஷன் மாஸ்டர் வைகுண்டம். வெள்ளை டவுசரு, வெள்ளைக் கோட்டு, பித்தளை பட்டன். அந்தப் பட்டனைத் தினமும் புளி போட்டுத் தேய்ப்பாரு. பாக்குறதுக்கு யாரு இருக்கா? நாலு ஆடு. அவருக்கு அந்த ஏக்கம் உள்ளுக்குள்ள இருந்துச்சு, பாவம். அவருக்குக் கீழ பாயிண்ட்ஸ்மேன் மாசானம். தண்டவாளத்தை மாத்தி விடுறது, கொடி காட்டுறது, மணி அடிக்கிறது எல்லாம் அவன்தான்.

எல்லாத்தையும் விட முக்கியமான வேலை ஒண்ணு இருந்துச்சு, அதைக் கேளு. ஒத்தை லைன்தானே, எதிர்ல ஒரு வண்டி வந்துட்டா? அதனால ஒரு இரும்புக் குண்டு, அதுதான் டோக்கன். அது கையில இருந்தாத்தான் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகலாம். நிக்கிற வண்டின்னா கையில கொடுத்திரலாம். நிக்காத மெயிலுக்கு? குண்டைத் தோல் பையில போட்டு, பையை ஒரு பெரிய பிரம்பு வளையத்துல கட்டி, மாசானம் பிளாட்பாரம் ஓரத்துல நின்னு தூக்கிப் பிடிப்பான். ஓடுற இன்ஜின்ல இருந்து, கரி அள்ளிப் போடுற ஃபயர்மேன் கையை நீட்டுவான். 'சடக்'! வளையம் அவன் தோள்ல. ரெண்டு விரல்ல தொட்டும் தொடாமலும் பிடிக்கணும், கண்ணு இன்ஜினை விட்டு நகரக் கூடாது. மாசானத்துக்கு ஒரு தடவைகூடத் தவறினதில்ல.

"ம்."

அப்போ ஒரு நாள், பாளையங்கோட்டையில இருந்து தேவசகாயம்னு ஒரு போட்டோக்காரர் முக்காலியும் கறுப்புத் துணியுமா வந்து இறங்கினாரு. பழைய ஸ்டேஷனையெல்லாம் படம் பிடிச்சு, அது உண்டான கதையையும் எழுதிப் புத்தகம் போடப் போறாங்களாம். கிணத்தைப் பிடிச்சாரு, மணியைப் பிடிச்சாரு, டிக்கெட்டுல தேதி குத்துற மிஷினைப் பிடிச்சாரு, 'டக் டக்'னு குத்தச் சொல்லிப் பாத்து மனுசன் சிரிச்சாரு. கடைசியில, "சார், இன்னும் மூணு படம் எடுக்கலாம். நீங்க நில்லுங்க"ன்னாரு.

வைகுண்டம் சாருக்குத் தலைகால் புரியல. கல்யாணப் போட்டோவுக்கு அப்புறம் அவரை யாருமே படம் பிடிச்சதில்ல. ஓடிப் போய் மூஞ்சி கழுவி, பவுடர் போட்டு வந்து நின்னாரு. முதப் படம், ஊர்ப்பலகை பக்கத்துல. 'கிளிக்'. அதே நேரம் ஒரு ஆடு குறுக்க வந்து அவர் இடுப்பு வரைக்கும் மறைச்சிருச்சு. ரெண்டாவது படம், மணி அடிக்கிற மாதிரி. 'டாண்'னு சத்தம் வரவும் அவரே கண்ணை மூடிட்டாரு. சிரிக்காத, உன் பள்ளிக்கூடப் போட்டோவுல நீயும் அப்படித்தான் இருக்க.

மிச்சம் ஒரே ஒரு படம். "மெயில் வரப்போகுதாமே? அந்த வளையம் கொடுக்கிறதைப் பிடிச்சிருவோம்"னாரு தேவசகாயம். மாசானம் வளையத்தோட தயாரா நிக்கிறான். சார் அவனைப் பாத்தாரு, வளையத்தைப் பாத்தாரு.

"கொண்டா இங்க."

"சார்... பழக்கம் விட்டுப் போயிருக்கும் சார்."

"எனக்கே சொல்லித் தாறியா? தள்ளி நில்லு. சட்டை கிழிசல் படத்துல விழும்."

இப்படியா ஒரு மனுசன் பேசுவாரு? பேசிட்டாரு. மாசானம் தோள்பட்டைக் கிழிசலைத் தடவிப் பாத்துட்டுத் தள்ளி நின்னான்.

தூரத்துல 'கூஊஊ'. மெயில் வருது. 'தடதட தடதட'. சார் வளையத்தைத் தூக்கிட்டாரு, நெஞ்சை நிமித்தியாச்சு. அப்போ தேவசகாயம் துணிக்குள்ள இருந்துக்கிட்டு, "சார், இங்க பாருங்க!"ன்னாரு. பாக்கலாமா?

"ம்ஹூம்."

பாத்துட்டாரே! இன்ஜினை விட்டுட்டு போட்டோப் பொட்டியைப் பாத்து ஈன்னு பல்லைக் காட்டினாரு. வளையத்தை வேற குரங்குப்பிடியாப் பிடிச்சிருந்தாரு. ஃபயர்மேன் கையை நீட்டினான், வளையம் வரல. 'படார்'னு கையில தட்டி, பை வாய் தொறந்து, 'டங் டங் டங்'னு குண்டு பிளாட்பாரத்துல உருண்டு ஓடுச்சு. 'கிரீரீச்'! பதினஞ்சு வருசமா நிக்காத மெயிலு அன்னிக்கு நின்னுச்சு, கால் மைல் தள்ளிப் போய்.

மாசானம் குண்டைப் பொறுக்கிப் பையில போட்டு, வளையத்தைத் தூக்கிக்கிட்டு ஜல்லிக் கல்லுல விழுந்தடிச்சு ஓடினான். பின்னாடியே சாரும் தொப்பி ஒரு பக்கம் சரிய ஓடினாரு. டிரைவர் இறங்கி நிக்கிறாரு, மூஞ்சி அடுப்பு மாதிரி செவந்திருக்கு. வளையம் யாரு கையில இருக்கு? மாசானம் கையில. பிடிச்சாருய்யா டிரைவர் ஒரு பிடி! "அறிவிருக்காடா உனக்கு? எத்தனை உசுரு உள்ள இருக்கு? தின்ன சோறு எங்க போச்சு?"ன்னு கண்டபடி வைதாரு. ஜன்னல்ல எல்லாம் தலை. மாசானம் சாரைப் பாத்தான். சார் தண்டவாளத்தைப் பாத்தாரு.

"சார் வாயைத் தொறக்கலையா அத்தே?"

தொறக்கல. அப்புறம் சொல்லிக்கலாம்னு நினைச்சாரு.

அப்புறம் மேல இருந்து கேட்டாங்க, மெயிலு பன்னெண்டு நிமிசம் ஏன் நின்னுச்சுன்னு. எழுதி அனுப்பணும். சார் பேனாவை எடுத்தாரு. "என் கையில இருந்து"ன்னு எழுதி அடிச்சாரு. இன்னொரு தாள் எடுத்து "கவனக் குறைவால்"னு எழுதி, யாரோட கவனம்னு எழுத வராம அதையும் கசக்கினாரு. மூணாவது தாள்ல, "பாயிண்ட்ஸ்மேன் மாசானம் கையிலிருந்து"ன்னு எழுதினாரு. அது மட்டும் அடிக்காம, திருத்தாம, முத்து முத்தா வந்துச்சு. தூ, அந்தக் கையெழுத்தைச் சொல்லணும்.

பத்து நாள் கழிச்சு, பாசஞ்சர் வண்டிக் கடைசிப் பெட்டியில வர்ற கார்டு ரெண்டு கவர் கொடுத்தாரு. சார் முதக் கவரைப் பிரிச்சாரு. மாசானத்தை வேலையை விட்டு நிறுத்தியாச்சு, மாசக் கடைசிக்குள்ள குவாட்டர்ஸைக் காலி பண்ணணும். அதை அவரே அவன்கிட்ட வாசிச்சுக் காட்ட வேண்டியதாப் போச்சு.

மாசானம் முழுக்கக் கேட்டான். பச்சைக் கொடி, சிவப்புக் கொடி ரெண்டையும் மடிச்சு மேசை மேல வச்சான். "நீங்க சொல்லியிருப்பீங்கன்னு இருந்தேன் சார்"னான். அம்புட்டுத்தான். சண்டை போட்டிருந்தாக்கூட சாருக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

அவன் போனதும் ரெண்டாவது கவரைப் பிரிச்சாரு. தேவசகாயம் அனுப்பின படம். முதல்ல பாக்கையில அவர் மூஞ்சியைத்தான் பாத்தாரு. நல்லாத்தான் விழுந்திருக்குன்னு தோணுச்சு. தோணின நிமிசமே உடம்பு கூசிப்போச்சு. ரெண்டாவது தடவை பாத்தாரு. பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு, பின்னாடி ஃபயர்மேன் கை வெறுங்கையா காத்தைத் துழாவுது. மூணாவது தடவை ஓரமாப் பாத்தாரு. அங்க கிழிஞ்ச சட்டையோட மாசானம். ரெண்டு கையும் முன்னால நீட்டி, வாயைப் பொளந்து, "விடுங்க சார், விடுங்க!"ன்னு கத்துறான். அந்தச் சத்தம் அன்னிக்கு அவர் காதுல விழல. இப்போ படத்துல இருந்து கேட்டுச்சு.

மனுசன் அங்கனயே உக்காந்து, துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டாரு. என்ன மானங்கெட்ட பொழப்புடா வைகுண்டம்னு தன்னையே வைதாரு. அப்புறம் நாலாவது தாளை எடுத்தாரு. "வளையத்தைப் பிடித்தது நான். பொய் எழுதியதும் நான். சாட்சிக்குப் படம் வைத்திருக்கிறேன்." கவர்ல போட்டு ஒட்டி, அடுத்த வண்டி கார்டு கையில கொடுத்துட்டு, விடுவிடுன்னு மாசானம் வீட்டுக்கு நடந்தாரு. தலையில இருந்து மூட்டையை இறக்கின மாதிரி இருந்துச்சு அவருக்கு.

அங்க சட்டிபானையெல்லாம் வெளிய கிடக்கு. "எழுதிட்டேன் மாசானம். நான்தான்னு எழுதிட்டேன். உனக்கு வேலை திரும்ப வந்துரும், எனக்கு என்ன வருதோ வரட்டும்"னாரு.

"நல்லது சார்"னான் மாசானம். மூஞ்சியில ஒரு மாத்தமும் இல்ல. "மேல இருக்கிறவங்களுக்கு எழுதிட்டீங்க. அந்தா பாருங்க, என் மக பேச்சி. அவகிட்டயும் சொல்லிருங்க. வண்டியை நிறுத்தினவன் மகன்னு பள்ளிக்கூடத்துல கேலி பண்றாங்களாம்."

கவர்ல எழுதி ஒட்டுறது லேசு தேனு. ஏழு வயசுப் பிள்ளை மூஞ்சியைப் பாத்துச் சொல்றது லேசுல்ல. பேச்சி உன் வயசுதான், மண்ணுல கட்டம் போட்டு நொண்டி அடிச்சிக்கிட்டிருந்தா. சார் அந்த வெள்ளை டவுசரோட மண்ணுல முட்டி போட்டு உக்காந்தாரு.

"தாயி, வளையத்தை விட்டது உங்க அப்பா இல்ல. நான்தான்."

அவ ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டே கேட்டா. "டிரைவரு எங்க அப்பாவை வைதப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான் தாயி நின்னேன்."

"அப்போ ஏன் சொல்லல? பயமா?"

"இல்ல தாயி. எல்லாரும் பாக்க, நான்தான்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பேச்சி தூக்கின காலைக் கீழ வச்சா.

"எங்க அப்பாவுக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு"ன்னா.

சார் எந்திரிக்கல.

"அப்புறம் அத்தே?"

அப்புறம் என்ன அப்புறம். வண்டி அந்தப் பக்கம் போயிருச்சு, கதை இந்தப் பக்கம் நின்னுருச்சு, இனி உன் கண்ணுக்குத்தான் சிக்னல். மூடு. தூங்கு.